குஞ்சு கண் திறக்கவில்லை: நாட்டுக்கோழி வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் கால்நடை மருத்துவன் அல்லன். பதினான்கு ஆண்டுகளாகத் தோட்டத்தில் நாட்டுக்கோழி வளர்ப்பவன். கோழி வளர்க்கத் தொடங்கும் அக்கம்பக்கத்தாரும் உறவினர்களும் விடியற்காலையில் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். கூடவே தெளிவில்லாத ஒரு புகைப்படமும் வரும். அதில் குஞ்சின் கண் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும். பாதிக்கு மேல் அதே கேள்விகள்தான் என்பதால் எழுதி வைத்துவிட்டேன். முதல் கேள்வியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். மற்றவற்றில் உங்களுக்கு வேண்டியதற்குப் போகலாம்.

காலையில் பஞ்சாரத்தைத் திறந்தால் ஒரு குஞ்சு கண்ணை மூடியபடியே நிற்கிறது. முதலில் எந்தச் சொட்டு மருந்தை விடுவது?

எதையும் விடாதீர்கள். முதலில் எண்ணுங்கள். மூடியிருப்பது ஒரு கண்ணா, இரண்டு கண்ணா? ஒரு குஞ்சா, பல குஞ்சுகளா? ஒரு குஞ்சுக்கு ஒரு கண் மட்டும் என்றால் பெரும்பாலும் கொத்து, முள், உமித்துகள் போன்ற அடிதான். ஒரே கூட்டில் பல குஞ்சுகளுக்கு இரண்டு கண்ணும் என்றால் காற்றிலோ தீவனத்திலோ தொற்றிலோ தேட வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் மருந்துக் கடைக்கு ஓடியவர்களில் நானும் ஒருவன். அந்தக் கதை கீழே வருகிறது.

அடுத்து, குஞ்சைக் கையில் எடுங்கள். எடுத்தவுடன் கண் விரிந்து, பளிச்சென்று ஈரமாக, கறுப்பு மணி தெளிவாகத் தெரிந்து, கீழே விட்டதும் மறுபடி சொருகிக்கொண்டால் நோய் கண்ணில் இல்லை. குளிர், ரத்தக்கழிச்சல், வயிற்றுத் தொற்று என எது வந்தாலும் குஞ்சு இறகைச் சிலிர்த்துக் கண்ணை மூடித்தான் நிற்கும். அப்போது எச்சத்தைப் பாருங்கள். எப்படியிருந்தாலும் அந்தக் குஞ்சைத் தனியே, வெதுவெதுப்பான இடத்தில், தனித் தண்ணீரோடு வைத்துவிடுங்கள்.

கண்ணின் குறுக்கே வெள்ளையாக ஒரு திரை ஓடி ஓடி மறைகிறது. பூ விழுந்துவிட்டதா?

இல்லை. கோழிக்கு மேலிமை, கீழிமை தவிர மூன்றாவதாக ஓர் இமைப்படலம் உண்டு. அது மூக்குப் பக்கத்து ஓரத்திலிருந்து கண்ணின் குறுக்கே ஓடிவந்து துடைத்துவிட்டுத் திரும்பிப் போகும். பூ விழுந்திருந்தால் அந்த வெண்மை ஓடாது, கண்மணியின் மேலேயே நிற்கும்.

படலம் பாதி வழியில் நின்றுவிட்டால், அல்லது சிவந்து வீங்கித் தெரிந்தால் மட்டும் கவலைப்படுங்கள். உள்ளே ஏதோ உறுத்துகிறது என்று பொருள்.

இமை இரண்டும் பசை போட்டதுபோல் ஒட்டியிருக்கின்றன. இழுத்துத் திறக்கலாமா?

இழுத்தால் இமையோரத் தோல் கிழியும். ஊறவைத்துத்தான் திறக்க வேண்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் நார்மல் சலைன் பாட்டில் நல்லது. இல்லையென்றால் கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக உப்புப் போட்டு ஆறவிடுங்கள். கைமணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டால் சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது.

குஞ்சை ஒரு பழைய பருத்தித் துணியில் சுற்றித் தலை மட்டும் வெளியே தெரியும்படி இடது கையில் பிடியுங்கள். நனைத்த பஞ்சைக் கண்மேல் வைத்து, அழுத்தாமல், இரண்டு நிமிடம் சும்மா இருங்கள். முதலில் திமிறும், வெதுவெதுப்பு ஏறியதும் அடங்கிவிடும், சில குஞ்சுகள் அப்படியே தூங்கியும்விடும். பிறகு மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே திசையில் துடையுங்கள். பீளை நூல்நூலாகப் பஞ்சோடு வரும். ஒரு தடவைக்குத் திறக்காவிட்டால் விட்டுவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி செய்யுங்கள். ஒரு கண்ணுக்கு வைத்த பஞ்சை மறு கண்ணுக்கோ வேறு குஞ்சுக்கோ வைக்காதீர்கள். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குஞ்சின் எச்சத்திலிருந்து நமக்கும் வயிற்றுத் தொற்று வரும்.

மனிதர்களுக்கு வாங்கிய கண் சொட்டு மருந்து வீட்டில் இருக்கிறது. அதையே விடலாமா?

என்ன மருந்து என்பதைப் பொறுத்தது. சிப்ரோஃப்ளாக்சசின் 0.3 சதவீதச் சொட்டைக் கால்நடை மருத்துவர்களே எழுதிக் கொடுப்பதுண்டு. ஆனால் வீட்டில் மிச்சமிருக்கும் பாட்டில் திறந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் குப்பையில் போடுங்கள். பெட்டியில் டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசொலோன் என்று எதாவது எழுதியிருந்தால் தொடவே தொடாதீர்கள். அவை ஸ்டீராய்டுகள். கண்ணின் மேற்பரப்பில் கொத்துக்காயம் இருந்தால் புண்ணை ஆறவிடாமல் ஆழமாக்கிவிடும். சிவப்பு உடனே குறைவதைப் பார்த்து நாம் மகிழ்ந்துகொண்டிருப்போம், கண் உள்ளே போய்க்கொண்டிருக்கும்.

குளோராம்பெனிகால் களிம்பு, காப்ஸ்யூல் ஆகியவற்றைப் பலர் கைமருந்துபோல் வைத்திருக்கிறார்கள். உணவுக்காக வளர்க்கும் உயிரினங்களுக்கு அந்த மருந்தைப் பயன்படுத்த இந்தியாவில் தடை இருக்கிறது. ஒரு குஞ்சுதானே என்று தோன்றலாம். அது வளர்ந்து முட்டையாகவும் குழம்பாகவும் நம் வீட்டுக்குத்தான் வரப்போகிறது.

தாய்ப்பால், வெங்காயச் சாறு, எருக்கம்பால், புகையிலைச் சாறு என்று ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எது சரி?

எருக்கம்பாலும் கள்ளிப்பாலும் கண்ணை அவித்துவிடும். இதில் விவாதமே இல்லை. மனிதர் கண்ணில் தெறித்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய பொருள் அது. புகையிலைச் சாறும் சுண்ணாம்பும் அதே வரிசை. வெங்காயச் சாறு எரிச்சலால் நீர் சுரக்கவைக்கும்; அந்த நீரில் தூசி வெளியே வந்து, வெங்காயத்துக்குப் பெயர் கிடைத்திருக்கும். அந்த வேலையை உப்புநீர் எரிச்சலில்லாமல் செய்யும். தாய்ப்பாலால் பெரிய கெடுதல் இல்லை, ஆனால் இமையிடுக்கில் தங்கிப் புளித்தால் கிருமிக்குத் தீனி.

கைவைத்தியமே கூடாது என்று சொல்லவில்லை. அம்மைக்கு மஞ்சளும் வேப்பிலையும் நானே பூசுகிறேன். கண்ணுக்கு வெளியே பூசுவது வேறு, உள்ளே விடுவது வேறு.

ஒரே நாளில் பத்துப் பதினைந்து குஞ்சுகள் கண்ணைச் சுருக்குகின்றன. பீளையும் இல்லை, தும்மலும் இல்லை. இது என்ன நோய்?

நோய் அல்ல, காற்று. எச்சமும் ஈரமும் சேர்ந்து, தரையில் பரப்பிய உமி போன்ற கூளம் நொதிக்கும்போது அம்மோனியா கிளம்புகிறது. காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 25 பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது பண்ணைக் கணக்கு. அதைத் தாண்டி நாள் கணக்கில் நீடித்தால் கண்ணின் மேற்பரப்பு புண்ணாகி மங்கலாகும். குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்க்க மாட்டாமல் மூலையில் ஒடுங்கி, இறக்கையில் தலையைத் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

முதல் கேள்வியில் சொன்ன கதை இதுதான். ஓர் ஐப்பசி அடைமழையில் நாற்பது குஞ்சுகளைச் சின்ன அறை ஒன்றில் வைத்து, சாரல் அடிக்காமலிருக்கச் சாக்குத் திரையை இறுக்கிக் கட்டியிருந்தேன். பதினெட்டாம் நாள் கண் சுருங்கத் தொடங்கியது. நான்கு நாள் சொட்டு மருந்து விட்டேன், காலையும் மாலையும், நாற்பது குஞ்சுகளுக்கும். ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாம் நாள் இரவு மின்சாரம் போய், டார்ச்சைத் தேடித் தரையில் உட்கார்ந்தபோது என் கண்ணே எரிந்தது. நின்றபடி மருந்து விட்ட நான்கு நாளும் எனக்கு அந்த நெடி தெரியவில்லை. குஞ்சின் கண் தரையிலிருந்து மூன்று விரல் உயரத்தில் இருக்கிறது. அம்மோனியா பிறப்பதும் தரையில்தான். தண்ணீர்த் தட்டு ஒரு பக்கம் சாய்ந்து ஒழுகி, அதன் கீழே உமி களியாகிக் கிடந்தது. திரையின் மேல்பகுதியை ஒரு முழம் இறக்கி, கூளத்தை வாரிக் கொட்டிப் புது உமி போட்டேன். மூன்றாம் நாள் பெரும்பாலான குஞ்சுகள் கண் திறந்தன. மங்கிப்போன ஆறு மட்டும் தெளிய மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று, அதில் இரண்டு தெளியவே இல்லை.

ஆகவே சோதனை எளிது. கூண்டுக்குள் குந்தி உட்கார்ந்து, முகத்தைக் குஞ்சு உயரத்துக்குக் கொண்டுபோய் பத்து மூச்சு இழுங்கள். தினமும் அங்கேயே புழங்குகிறவர் மூக்கு பழகிப்போயிருக்கும், வேறொருவரையும் முகரச் சொல்லுங்கள்.

அப்படியானால் கூளத்தில் சுண்ணாம்பு தூவிவிட்டால் போதும்தானே?

குஞ்சுகள் உள்ளே இருக்கும்போது வேண்டாம். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும் என்பது உண்மை. ஆனால் காரத்தன்மையைக் கூட்டுவதால் எச்சத்தில் அடங்கியிருக்கும் அம்மோனியாவை அந்த நேரத்தில் இன்னும் வேகமாகக் கிளப்பிவிடும். தூளும் கண்ணில் விழும். கூடு காலியாக இருக்கும்போது தரையில் அடித்துக் காயவிட்டு, அதன்மேல் புதுக் கூளம் பரப்புவதுதான் சரி.

குஞ்சுகள் இருக்கும்போது செய்ய வேண்டியது, நனைந்த இடத்தை மட்டும் தினமும் அள்ளி எறிவது, மீதியைக் கிளறிவிடுவது, தண்ணீர்த் தட்டை ஒரு செங்கல்மேல் தூக்கி வைப்பது. உமி, நிலக்கடலைத் தோல், தேங்காய் நார்க்கழிவு எதுவானாலும் நன்கு காய்ந்திருக்க வேண்டும். பூசணம் பிடித்த கூளம் ஏன் ஆபத்து என்பது தயிர்க்கட்டிக் கேள்வியில் வருகிறது.

குஞ்சுகளுக்குச் சூடு தர வைக்கும் புரூடர் பல்பின் வெளிச்சம் கண்ணைக் கெடுக்குமா?

சாதாரண பல்பு கெடுக்காது. முதல் வாரம் குஞ்சு உயரத்தில் சுமார் 95 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பம் வேண்டும், பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். வெப்பமும் தூசியும் கூடினால்தான் கண் வறண்டு உறுத்தும். கரி அடுப்பு வைப்பவர்கள் புகையைக் கவனியுங்கள். அம்மோனியா செய்கிற வேலையைப் புகையும் செய்யும்.

இமைக்குள் தயிர்க்கட்டி போல வெள்ளையாகத் திரண்டிருக்கிறது. எடுத்துவிடலாமா?

எடுக்கலாம், ஆனால் அது ஏன் வந்தது என்று தெரியாமல் எடுத்தால் ஒரு வாரத்தில் திரும்ப வரும். மூன்று காரணங்களை நான் பார்த்திருக்கிறேன். ஒன்று, வைட்டமின் ஏ குறைவு. இதில் இரண்டு கண்ணும் பாதிக்கும். வாயைத் திறந்து பார்த்தால் அண்ணத்திலும் தொண்டையிலும் குண்டூசித் தலை அளவு வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். இரண்டு, பூசணம். பூஞ்சை பிடித்த உமியிலிருந்தோ தீவனத்திலிருந்தோ கிளம்பும் தூள் மூச்சில் போய் நுரையீரலைப் பிடிக்கும். சில குஞ்சுகளுக்கு இமைப்படலத்தின் அடியில் மஞ்சள் கட்டியாகவும் திரளும். குஞ்சு வாயைத் திறந்து மூச்சு வாங்கும். இதற்குப் பயனுள்ள சிகிச்சை இல்லை, கூளத்தை மாற்றி மற்ற குஞ்சுகளைக் காப்பாற்றத்தான் முடியும். மூன்று, அம்மையோ சளியோ வந்து சீழ் கெட்டிப்பட்டது.

எடுக்கும் முறை இமை திறக்கும் முறைதான். நன்றாக ஊறியபின் கீழிமையை மெல்லக் கீழே தள்ளினால், ஊறிய துவரம்பருப்பு போல முழுதாக நழுவி வரும். வராவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். ஊக்கு, குச்சி, நகம் எதுவும் உள்ளே போகக் கூடாது. ஒட்டியிருப்பதைப் பிய்த்தால் ரத்தம் வரும், கண்ணும் போகும்.

ஒரு மாதமாகக் குருணைதான் போடுகிறேன். முருங்கைக்கீரை கொடுத்தால் கண் சரியாகுமா?

குருணையில் வைட்டமின் ஏ கிடையாது. பிறக்கும்போது மஞ்சள் கருவிலிருந்து கொண்டுவந்த இருப்பை வைத்துத்தான் குஞ்சு முதல் சில வாரங்களை ஓட்டுகிறது. தாய்க்கோழியும் கீரை காணாமல் அடைபட்டுக் கிடந்திருந்தால் அந்த இருப்பும் குறைவாக இருக்கும். மேய்கிற தாயோடு திரியும் குஞ்சுகளுக்கு இந்தக் குறை வந்து நான் பார்த்ததில்லை.

முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, பப்பாளிப் பழம், மஞ்சள் மக்காச்சோளம் எல்லாம் உதவும். கீரையைப் பொடியாக அரிந்து, உடனே கொடுங்கள். காயவைத்துச் சேமிப்பதானால் நிழலில் காயவையுங்கள், வெயிலில் அதன் சத்துப் போய்விடும். கண் ஏற்கெனவே மூடிய குஞ்சுக்குக் கீரை மட்டும் போதாது. தண்ணீரில் கலக்கும் வைட்டமின் ஏ மருந்தைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டு, சொன்ன அளவில், சொன்ன நாட்களுக்கு மட்டும் கொடுங்கள். இது உடம்பில் தங்கும் வைட்டமின், கூடினாலும் கெடுதல். குருணையை நிறுத்தி எட்டு வாரம் வரை நல்ல குஞ்சுத் தீவனம் போடுவதுதான் நிலையான வழி.

கண்ணில் நுரை நுரையாக வருகிறது, தும்முகிறது. சளிதானே, தானாகப் போய்விடாதா?

வெளியே தெரிவது போய்விடும், கிருமி போகாது. கண்ணோரத்தில் சோப்புக் குமிழிபோல் நுரையும், இரவில் கூட்டருகே நின்றால் கரகர என்று மூச்சுச் சத்தமும் கேட்டால் அது மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியின் நாட்பட்ட சுவாச நோயாக இருக்கலாம். முட்டை வழியாகவே தாயிடமிருந்து குஞ்சுக்கு வரும். முகம் ஒரு பக்கம் வீங்கி, மூக்குநீரில் கெட்ட வாடை அடித்தால் கொரைசா என்ற தொற்றுச் சளி நோயைச் சந்தேகிக்க வேண்டும். இது சின்னக் குஞ்சைவிட வளர்ந்த குஞ்சுகளிடம் அதிகம்.

இரண்டுக்கும் ஆண்டிபயாடிக் தேவைப்படும். எது, எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்லட்டும். அதை நிறுத்தியபின் எத்தனை நாள் கழித்து முட்டையும் இறைச்சியும் சாப்பிடலாம் என்பதையும் அவரிடமே கேளுங்கள். குணமான கோழி வெளியே நன்றாக இருந்தாலும் கிருமியைச் சுமந்துகொண்டே இருக்கும். அதன் முட்டையை அடைக்கு வைக்க வேண்டாம். சந்தையில் வாங்கிய கோழியைத் தனியே மூன்று வாரமாவது வைத்துப் பார்க்காமல் கூட்டில் விடுபவர்கள்தான் இந்தக் கேள்வியோடு என்னிடம் அதிகம் வருகிறார்கள்.

இமையில் மரு போலக் கிளம்பிக் கண்ணே மூடிவிட்டது. அம்மையா?

கொண்டையிலும் அலகோரத்திலும் அதே மரு இருந்தால் அம்மைதான். கொசு கடித்துப் பரவும் வைரஸ் நோய். வைரஸைக் கொல்ல மருந்தில்லை. பொருக்குத் தட்டித் தானாக உதிர இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். பொருக்கை உரிக்காதீர்கள். உதிர்ந்த பொருக்கிலும் வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அள்ளி எரித்துவிடுங்கள். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துத் தேங்காய் எண்ணெயில் குழைத்து மருமேல் பூசலாம், கண்ணுக்குள் போகாமல்.

அம்மையால் சாகும் குஞ்சுகளில் பல உண்மையில் பசியால் சாகின்றன. இரண்டு கண்ணும் மூடிய குஞ்சுக்குத் தட்டு எங்கே இருக்கிறது என்று தெரியாது. தீவனத்தைத் தண்ணீரில் குழைத்துச் சிறு உருண்டையாக அலகோரத்தில் வையுங்கள், ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை. தண்ணீரில் அலகின் நுனியை மட்டும் தொட்டுக் காட்டினால் தானே குடிக்கும். வாய்க்குள்ளும் மஞ்சள் படலம் படிந்து மூச்சுத் திணறினால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

நாலைந்துக்கு அம்மை வந்துவிட்டது. மற்றவற்றுக்கு இப்போது தடுப்பூசி போட்டுப் பயன் உண்டா?

உண்டு. அம்மை மெதுவாகப் பரவும் நோய். சில குஞ்சுகளுக்குத்தான் வந்திருக்கிறது என்றால் நலமாக உள்ளவற்றுக்கு உடனே இறக்கைச் சவ்வில் போடலாம். வழக்கமாகப் போடும் வயது ஆறு முதல் எட்டு வாரம். போட்ட இடத்தில் ஒரு வாரம், பத்து நாளில் சிறு தடிப்புத் தெரிந்தால் ஊசி பிடித்திருக்கிறது. கூட்டைச் சுற்றிக் கொசுவலையும் கட்டுங்கள்.

ஏழாம் நாள் கண்ணில் சொட்டுத் தடுப்பு மருந்து விட்டேன். அதற்குப் பிறகுதான் கண் கலங்கியது. மருந்து கெட்டுப்போனதா?

வெள்ளைக்கழிச்சலுக்கு, அதாவது ராணிக்கேட் நோய்க்கு, விடும் அந்தச் சொட்டில் இருப்பது வலுக்குறைத்த உயிருள்ள வைரஸ். விட்ட சில நாட்களில் கண் லேசாக நீர் கட்டுவதும் ஒன்றிரண்டு தும்மலும் இயல்பு. நான்கைந்து நாளில் அடங்கும். அதற்காக ஆண்டிபயாடிக் சொட்டு விட வேண்டாம். ஒரு வாரம் தாண்டியும் நீடித்தால் கூளத்தை முகர்ந்து பாருங்கள். ஏற்கெனவே அம்மோனியா அடித்த கண்ணில் மருந்து விட்டால் எதிர்வினை கடுமையாக இருக்கும்.

இன்னொன்று: அந்த மருந்து உங்கள் கண்ணில் பட்டால் உங்களுக்கும் சில நாள் கண் சிவக்கும். விட்ட கையால் கண்ணைக் கசக்காதீர்கள்.

கண்ணோரத்தில் கடுகு போலக் கறுப்பாக ஒட்டியிருக்கிறது. தேய்த்தாலும் போகவில்லை.

தெள்ளுப்பூச்சி. தலையைத் தோலில் புதைத்து ரத்தம் குடிக்கும் வகை. கொண்டையிலும் கூட்டமாக இருக்கும். பிய்க்காமல், பெட்ரோலியம் ஜெல்லியைக் கனமாகப் பூசிவிட்டால் மூச்சடைத்துச் சாகும், மறுநாள் இடுக்கியால் எடுக்கலாம். பூச்சிமருந்தைக் கண் பக்கம் கொண்டுபோக வேண்டாம். அவை மண்ணில் பெருகுவதால் குஞ்சுகள் படுக்கும் மண்ணையும் சுத்தம் செய்ய வேண்டும்.

இமைப்படலத்துக்கு அடியில் மெல்லிய வெள்ளை நூல் நெளிந்தால் அது கண்புழு. அதைச் சுமக்கும் கரப்பான் பூச்சியைத் தின்பதால் வருவது. மருத்துவர் எடுத்துவிடுவார்.

மூன்று மாதக் குஞ்சு. கண் சாம்பல் நிறமாகிவிட்டது. பீளையும் இல்லை, வீக்கமும் இல்லை. எந்த மருந்துக்கும் அசையவில்லையே?

கண்மணியைச் சுற்றியுள்ள நிறவளையம் வெளுத்து, மணியின் ஓரம் வட்டமாக இல்லாமல் நெளிந்திருந்தால் மேரக்ஸ் என்ற வைரஸ் நோயைச் சந்தேகிக்க வேண்டும். கூடவே ஒரு காலை முன்னும் மற்றதைப் பின்னும் நீட்டிப் படுத்தால் சந்தேகம் வலுக்கும். மருந்தில்லை. பொரிப்பகத்தில் முதல் நாளே ஊசி போட்டுத்தான் தடுக்கிறார்கள். வீட்டில் அடைவைத்துப் பொரித்த குஞ்சுக்கு அது கிடைத்திருக்காது. மேற்பரப்பே வெண்மையாகி இருந்தால் அது வேறு, பழைய அம்மோனியாப் புண்ணோ கொத்துக்காயமோ ஆறிய தழும்பு.

எந்தக் கட்டத்தில் கைவைத்தியத்தை விட்டுவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்?

கண் வீக்கத்தோடு பச்சையும் வெள்ளையுமான கழிச்சல், கழுத்துத் திருகல், அல்லது ஓரிரு நாளில் பல சாவுகள் என்றால் அன்றே போங்கள். வெள்ளைக்கழிச்சலும் பறவைக்காய்ச்சலும் அப்படித்தான் தொடங்கும். செத்த குஞ்சு ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, ஐஸ் வைத்து எடுத்துப் போனால் அறுத்துப் பார்த்துச் சொல்வார்கள். ஒற்றைக் கண் கோளாறு என்றால், இரண்டு மூன்று நாள் உப்புநீரில் கழுவியும் தேறாவிட்டால் போகலாம்.

ஒரு கண் போய்விட்டது. அந்தக் குஞ்சை வைத்துக்கொள்ளலாமா?

காரணம் அடியோ அம்மோனியாவோ என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன ஐப்பசிக் குஞ்சுகளில் தெளியாத இரண்டில் ஒன்று இப்போது முட்டையிடுகிறது. முதல் இரண்டு வாரம் தானியத்துக்குப் பக்கத்தில் தரையைக் கொத்திக்கொண்டிருந்தது. பிறகு தலையைச் சாய்த்து நல்ல கண்ணைக் கீழே காட்டிக் கொத்தப் பழகிக்கொண்டது. குருட்டுப் பக்கமாக யாரும் வந்தால் பதறிப் பறக்கும், அதனால் சத்தம் கொடுத்துக்கொண்டே அருகில் போவேன். வல்லூறு வந்தால் அதற்குக் கடைசியில்தான் தெரியும் என்பதால் திறந்த வெளியில் மேய விடுவதில்லை. கொய்யா மரத்தடியில் வலை போட்ட இடத்திலேயே இருக்கிறது.